பாட்டி பேர் தாலாட்டுல வந்ததா?

ஆசிரியருக்கு வணக்கம்,

போன ஞாயித்துக்கிழமை இணைப்புல, தாலாட்டு பாடுறதாலதான் பாட்டிக்கு பாட்டின்னு பேர் வந்துச்சுன்னு ஒரு பெட்டிச் செய்தி போட்டிருந்தீங்க. கேக்க நல்லாத்தான் இருக்கு, ஆனா பாட்டனுக்கு எப்படி வந்துச்சு? எங்க தாத்தா ஒருநாளும் வாயத் தொறந்து பாடுனதில்ல. தொல்காப்பியம் மரபியல்ல பன்னி, நாய், நரி இதுகள்ல பொட்டையையும் பாட்டின்னு சொல்லலாம்னு இருக்கு, அதுகளும் தாலாட்டுச்சா என்ன.

பாட்டிக்கும் பாட்டுக்கும் சம்பந்தமே இல்லைன்னு சொல்ல வரல. மதுரைக்காஞ்சில "பாணர் வருக பாட்டியர் வருக"ன்னு ஒரு அடி வருது, பாண்டிய ராசா நெடுஞ்செழியன் பரிசு கொடுக்கக் கூப்பிடுற எடம். அங்க பாட்டியர்னா கெழவிங்க இல்ல சார், பாடிப் பரிசு வாங்கிப் பொழச்ச பாணர் கூட்டத்துப் பொம்பளைங்க, பாட்டுக்காரிங்க. பாடினின்னு சொல்றதும் இவங்களத்தான். விறலி கொஞ்சம் வேற, விறல்பட ஆடுறவன்னு உரைகாரங்க சொல்லுவாங்க, அதாவது மனசுல உள்ளது மொகத்துலயும் ஒடம்புலயும் தெரியிற மாதிரி.

எனக்கு இதுல ரொம்பப் பிடிச்சது ஐங்குறுநூறுதான். அதுல பாண்மகள், அதாவது பாணர் வீட்டுப் பொண்ணு, வரால் மீனை வட்டியில, கூடையிலதான், கொண்டுவந்து கொட்டுறா, வீட்டுக்காரி அதே வட்டி நெறைய பழைய வெண்ணெல்லு அளந்து போடுறா. அது வயக்காட்டுப் பக்கத்து மீன், எங்க கடல் மீன் இல்ல, அத வச்சு எங்க ஆளுகதான் பாணர்னு நான் கெளம்பல. ஆனா தேவிபட்டினத்துல எங்க தெருவுக்கு சூடையும் காரலும் கொண்டுவர்ற அக்காவோட அம்மா, உள்ள இருக்க ஊருகளுக்கு நடந்துபோயி நெல்லுக்குத்தான் மீன் போட்டிருக்காங்க. இந்த அக்கா இப்ப ஜிபே வாங்குறாங்க, அது வேற விசயம். வாசல்ல அலுமினியச் சட்டிய எறக்கி வச்சுட்டு வெலை பேசுறப்ப கரகரன்னு இருக்க அதே தொண்டை, எழவு வீட்டுல ஒப்பாரி எடுத்தா அப்படியே வேற ஆளு பாடுற மாதிரி இருக்கும், சுத்தி ஒக்காந்திருக்கவங்க அந்தக் குரலப் பிடிச்சுத்தான் பின்னாடியே போவாங்க.

எங்க பக்கம் வீட்டுல அப்பத்தா, அம்மாச்சிதான், பாட்டிங்கிறது எனக்குப் பள்ளிக்கூடப் புத்தகத்துல வந்த சொல்லு. அதனால பழைய அர்த்தத்துல நீங்கதான் பாட்டின்னு அந்த அக்காகிட்டயே சொல்லிப் பாத்தேன். "யாரு பாட்டி? மகளுக்கே அடுத்த வருசந்தான் கல்யாணம் வச்சிருக்கேன்"னு சட்டியத் தலையில ஏத்திக்கிட்டுப் போயிட்டாங்க.

இப்படிக்கு,
ஒரு வாசகன்,
தேவிபட்டினம்