ஷபீராவைப் பற்றி உனக்கு ஒரு பதில்

அன்புள்ள தேவா,

உன் கடிதம் போன செவ்வாய்க்கிழமை வந்தது. முழங்கால் ஆபரேஷனுக்குப் பிறகு மாடிப்படி ஏற ஆரம்பித்துவிட்டாய் என்று படித்ததும் மனசு லேசாகிவிட்டது. அவசரப்படாதே. தங்கச்சி சொல்கிறபடி கைப்பிடியைப் பிடித்துக்கொண்டே ஏறு. இங்கே எல்லோரும் சுகம். சின்னப் பேத்திக்கு இரண்டு பல் வந்திருக்கிறது. கையில் கிடைப்பதையெல்லாம் கடிக்கிறாள். ஐப்பசி மழை இந்த வருஷம் ஏமாற்றவில்லை. கிணறு முக்கால்வாசி நிரம்பிவிட்டது.

ஆலயத்துப் பழைய ஞானஸ்நானப் பதிவேட்டைப் பிரதி எடுக்கிற வேலை இன்னும் முடியவில்லை. சில பக்கங்களைச் செல்லரித்துவிட்டது, சிலவற்றில் மை வெளிறிப்போய் எழுத்தின் தடம்தான் மிச்சம். ஜன்னல் பக்கம் சாய்த்துப் பிடித்து, லென்ஸ் வைத்துப் பார்த்து, ஒரு பெயரை எழுதி, பக்கத்தில் ஒரு கேள்விக்குறி போடுகிறேன். மறுநாள் காலை வெளிச்சத்தில் பார்த்தால் நேற்று ‘வே’ என்று படித்தது ‘யே’ என்று தெரிகிறது. அடித்துத் திருத்துகிறேன். இதை எதற்குச் சொல்கிறேன் என்று போகப் போகப் புரியும்.

உன் கடிதத்தின் கடைசிப் பக்கம் எனக்கு வருத்தமாக இருந்தது, தேவா. “ஷபீரா ஒரு போலிக்காரன், நூற்று நாற்பது வருஷத்துக்கு முன்பே முடிந்துபோன விஷயம்” என்று, உபாகமத்தின் (மோசேயின் ஐந்தாம் நூலின்) பழைய தோல் துண்டுகளை 1883-இல் ஐரோப்பாவுக்குக் கொண்டுபோன அந்த எருசலேம் கடைக்காரரை இரண்டே வரியில் முடித்துவிட்டாய். முப்பது வருஷம் பழைய ஏற்பாடு கற்பித்தவன் நீ. உன் மாணவர்கள் யாராவது ஒரு நபரை இப்படி இரண்டு வரியில் தள்ளிவிட்டிருந்தால் மார்க் போட்டிருப்பாயா? அதனால்தான் இந்த நீளமான பதில்.

மோசஸ் வில்ஹெல்ம் ஷபீரா படித்துப் பட்டம் வாங்கிய அறிஞர் இல்லை, ஒத்துக்கொள்கிறேன். ரஷ்ய ஆட்சிக்குக் கீழே இருந்த கமெனெட்ஸ்-போடோல்ஸ்கில் 1830-இல் பிறந்த யூதர். கிறிஸ்தவராகி, 1856-இல் எருசலேம் வந்தவர். கிறிஸ்தவர் தெருவில் கடை வைத்து யாத்திரிகர்களுக்கு ஒலிவ மரச் சாமான்கள் விற்றார். அந்தக் கடையில் உட்கார்ந்தபடியே பழைய எழுத்துகளைப் படிக்கக் கற்றுக்கொண்டார். யேமனுக்கே போய் எபிரேயக் கையெழுத்துப் பிரதிகளைத் தேடிக் கொண்டுவந்தார். அவர் பிரிட்டிஷ் மியூசியத்துக்கு விற்ற பிரதிகள் லண்டனில் இன்றும் இருக்கின்றன; அவற்றை யாரும் போலி என்று சொன்னதில்லை. இதை நீ எழுதவே இல்லை.

நீ எழுதியது சவக்கடலுக்குக் கிழக்கே இருந்த பழைய மோவாபு நாட்டின் மண்பொம்மைகளைப் பற்றி. சரி, அதையும் பேசுவோம். 1868-இல் தீபோனில் மேசா ராஜாவின் கல்வெட்டு கிடைத்த பிறகு மோவாபு என்றாலே ஐரோப்பாவுக்குப் பைத்தியம் பிடித்தது. சலீம் அல்-காரி என்பவன் களிமண்ணில் பொம்மையும் பானையும் செய்து, கல்வெட்டு எழுத்துகளைக் கண்டபடி கீறி, ஷபீராவிடம் கொடுத்தான். பெர்லின் அருங்காட்சியகம் 1873-இல் சுமார் 1,700 உருப்படிகளை வாங்கியது. எல்லாம் போலி என்று கிளெர்மோன்-கன்னோ என்ற பிரெஞ்சு அறிஞர் வெளிப்படுத்தினார். அவர் சொன்னது சரி. ஷபீரா ஏமாந்தார், விற்றார், அந்தக் கறை அவர்மேல்தான். ஆனால் அந்தப் பொம்மைகள் அசல் என்று உறுதியாகப் பேசியவர் யார் தெரியுமா? ஹாலே பல்கலைக்கழகத்துப் பேராசிரியர் ஷ்லோட்மான். ஏமாந்த கடைக்காரரை உலகம் மோசடிக்காரர் என்றது, ஏமாந்த பேராசிரியரோ பேராசிரியராகவே இருந்தார்.

இனி தோல் துண்டுகளுக்கு வருகிறேன். 1878-இல் ஒரு ஷேக் வீட்டில் பேசிக்கொண்டிருந்தபோது ஷபீரா ஒரு செய்தி கேள்விப்படுகிறார்: அர்னோன் பள்ளத்தாக்குப் பக்கம் ஒரு குகையில் சில பெதுவின்கள் (நாடோடி அரேபியர்) ஒளிந்திருந்தபோது, துணியில் சுற்றிய கறுத்த தோல் துண்டுகள் கிடைத்தனவாம். அதைத் தாயத்து போல வைத்திருந்தார்களாம். ஆள் பிடித்து, கொஞ்சம் கொஞ்சமாகப் பதினைந்து துண்டுகள் சேர்க்கிறார். மேசா கல்வெட்டில் இருப்பது போன்ற பழைய எபிரேய எழுத்து. உபாகமத்தின் ஒரு வடிவம், ஆனால் நம் வேதாகமத்தில் இருப்பது போல இல்லை. நடுவில் வரும் நீண்ட சட்டத்தொகுப்பு இல்லை. ‘கர்த்தர்’ என்ற பெயர் அரிது, ‘தேவன்’தான் எங்கும். ஒவ்வொரு கட்டளைக்கும் முடிவில் ‘நானே தேவன், உன் தேவன்’ என்று திரும்பத் திரும்ப வருகிறது. பத்துக் கட்டளைகளில் ஒன்றாக, நீயும் நானும் லேவியராகமத்தில் படித்த வாக்கியம் ஏறியிருக்கிறது: உன் சகோதரனை உன் உள்ளத்தில் பகையாயாக, அதாவது பகைக்காதே.

ஷபீரா உடனே செய்தது என்ன? படியெடுத்து அதே ஷ்லோட்மானுக்கு அனுப்பினார். அவர் இது வேதாகமப் பாடத்தோடு ஒத்துப்போகவில்லை, போலி என்று கண்டித்து எழுதினார். ஷபீரா அதை ஏற்றுக்கொண்டு துண்டுகளை ஒரு வங்கியில் வைத்துவிட்டார். ஐந்து வருஷம்! தானே செய்து வைத்த போலியை விற்கத் துடிக்கிறவன் ஐந்து வருஷம் அதைப் பூட்டி வைப்பானா, சொல். 1883-இல் மறுபடி எடுத்துப் பார்த்து, மறுபடி படித்து, இது அசல்தான் என்று தோன்றிய பிறகே ஐரோப்பாவுக்குக் கொண்டுபோனார்.

பெர்லினில் எகிப்தியல் அறிஞர் லெப்சியுஸ் வீட்டில் பெரிய பெரிய அறிஞர்கள் கூடி ஒன்றரை மணி நேரத்தில் போலி என்று முடிவு செய்தார்கள். பிறகு லண்டன். பத்து லட்சம் பவுண்ட் கேட்டார் என்று பத்திரிகைகள் எழுதின. அந்தத் தொகைதான் அவருக்கு எதிரி ஆனது என்று நினைக்கிறேன். அதைக் கேட்ட பிறகு யாருக்கும் அந்த எழுத்தை நிதானமாகப் பார்க்க மனம் வரவில்லை. இரண்டு துண்டுகளைக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்துக் காட்டினார்கள். பிரதமர் கிளாட்ஸ்டனே வந்து பார்த்தார். பிரிட்டிஷ் மியூசியத்துக்காக எபிரேய அறிஞர் கின்ஸ்பர்க் மூன்று வாரம் உட்கார்ந்து முழுவதையும் படியெடுத்து மொழிபெயர்த்தார். இடையில் பாரிஸிலிருந்து கிளெர்மோன்-கன்னோ வந்து இறங்கினார். பொம்மை விவகாரத்திலிருந்தே இருவருக்கும் ஆகாது, அதனால் ஷபீரா அவரைத் துண்டுகளைத் தொட்டுப் பார்க்க விடவில்லை. அவர் சும்மா இருக்கவில்லை. கூட்டத்தோடு கூட்டமாக நின்று கண்ணாடி வழியே அந்த இரண்டை மட்டும் பார்த்து, ஜெபஆலயச் சுருளின் ஓரத்தை வெட்டி எடுத்த தோல் இது என்று பத்திரிகைக்கு எழுதிவிட்டார். கின்ஸ்பர்க்கும் சில நாளில் போலி என்றே அறிக்கை கொடுத்தார்.

கின்ஸ்பர்க்குக்கு ஷபீரா எழுதிய கடிதத்தைப் படித்திருக்கிறாயா? நீங்கள் நம்பாத ஒன்றை ஊருக்குக் காட்டி என்னை முட்டாளாக்கிவிட்டீர்கள், இந்த அவமானத்துக்குப் பிறகு உயிரோடு இருப்பேன் என்று தோன்றவில்லை, ஆனாலும் அது போலி என்று எனக்கு இன்னும் உறுதிப்படவில்லை என்று எழுதினார். எருசலேமுக்கு, மனைவி மக்களிடம், அவர் திரும்பவே இல்லை. ஹாலந்தில் அலைந்து, 1884 மார்ச்சில் ராட்டர்டாமில் ஒரு ஹோட்டல் அறையில் தன்னைத்தானே சுட்டுக்கொண்டார். வயது ஐம்பத்துநாலு. இளைய மகளுக்கு அப்போது பதினைந்து வயதுதான் இருக்கும். அவள் பின்னாளில் பாரிஸில் மிரியம் ஹாரி என்ற பெயரில் எழுத்தாளரானாள்.

அன்றைக்குச் சொன்ன காரணங்களில் ஒன்று, பாலஸ்தீனத்து ஈரத்தில் தோல் இத்தனை நூற்றாண்டு நிற்காது என்பது. 1947-இல் கும்ரான் குகையில் பெதுவின் இடையர்கள் எடுத்தது என்ன? துணியில் சுற்றிய தோல் சுருள்கள், இரண்டாயிரம் வருஷத்தவை. அதில் பழைய எபிரேய எழுத்தில் எழுதியவையும் உண்டு. அர்னோன் சவக்கடலுக்குள் போய் விழுகிற ஆறு. கும்ரான் அதே கடலின் எதிர்க்கரை. 1947-இல் உலகம் கேட்ட கதையை ஷபீரா 1883-லேயே, யாருக்கும் இப்படி ஒன்று இருக்கக்கூடும் என்று தெரியாத காலத்தில், சொல்லியிருக்கிறார். எபிரேயப் பேராசிரியர் மெனகேம் மான்சூர் 1956-இல் வழக்கைத் திறக்க வேண்டும் என்றபோதும், அடுத்த பத்து வருஷத்துக்குள் கும்ரான் சுருள்களை ஆராய்ந்த ஜான் அலெக்ரோ ஷபீரா பக்கம் பேசியபோதும் பலருக்கும் கோபம்தான் வந்தது.

பிறகு 2021-இல் இதான் டெர்ஷோவிட்ஸ் என்ற ஆய்வாளர் வந்தார். அவர் சொல்வது முழுவதையும் நான் ஏற்க வேண்டியதில்லை, நீயும் வேண்டாம். இது உபாகமத்துக்கும் முந்திய நூல் என்கிறார். அதை மறுக்கிற எழுத்தியல் அறிஞர்கள் இருக்கிறார்கள். ஆனால் அவர் பெர்லின் அரசு நூலகத்தில் கண்டெடுத்த ஒரு விஷயத்தை நீ பார்க்க வேண்டும். அது ஷபீராவின் சொந்தக் கையெழுத்துக் குறிப்பு. துண்டுகளில் உள்ளதை எழுத்தெழுத்தாகப் படிக்க முயன்றிருக்கிறார். தப்பாகப் படித்திருக்கிறார். ஓரத்தில் கேள்விக்குறி, சந்தேகம், இது இந்தச் சொல்லாக இருக்குமோ என்ற யோசனை.

தேவா, இதைப் படித்த அன்று நான் என் நோட்டைப் புரட்டிப் பார்த்தேன். பதிவேட்டோடு ஆறு மாதமாக மல்லுக்கட்டுகிற என் பக்கங்களும் அப்படித்தான் இருக்கின்றன. தானே எழுதிய ஒன்றை ஒருவன் இப்படித் தடுமாறிப் படிக்க மாட்டான். யாரும் பார்க்கப்போகாத தன் தாளில் எதற்காக நடிக்க வேண்டும்?

நீ என்ன சொல்வாய் என்று தெரியும். ‘சரி, அவர் செய்யவில்லை, பொம்மை விஷயம் மாதிரி வேறு யாரோ செய்து அவர் தலையில் கட்டியிருக்கலாமே.’ இருக்கலாம். தோலில் மேலிருந்து கீழாக இருக்கும் கோடுகளை எழுத்து மதிக்காமல் தாண்டிப் போகிறது என்ற வாதம் எனக்கும் உறுத்துகிறது. அதை லேசாகத் தள்ள மாட்டேன். ஆனால் அதைச் சோதிக்கத் துண்டுகள் வேண்டுமே! 1885-இல் ஏலத்தில் பத்துப் பவுண்ட் சொச்சத்துக்கு ஒரு புத்தக வியாபாரி வாங்கினார். 1889-இல் பர்ட்டன்-ஆன்-டிரென்ட் ஊரில் ஒரு மருத்துவர் அதைக் கூட்டத்தில் காட்டியிருக்கிறார். அதற்குப் பிறகு தடயமே இல்லை. இன்று கையில் இருந்தால் கார்பன் காலக்கணிப்பு செய்து தோலின் வயதையாவது சொல்லியிருப்பார்கள். போலி என்று அவசரமாகத் தீர்ப்புச் சொன்னதால்தான் அதைப் பத்திரமாக வைக்க ஒருவருக்கும் தோன்றவில்லை. இதற்காகவும் எனக்கு அந்த அறிஞர்கள்மேல் கோபம்.

துண்டுகள் அசல் என்று உன்னிடம் அடித்துப் பேச மாட்டேன். ஆனால் ஷபீரா போலி செய்தவர் இல்லை என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. தான் நம்பியதைத் தன் சக்திக்கு எட்டியவரை படித்து, படித்தவர்கள் முன்னால் கொண்டுபோய் வைத்தார். அதனால் அவரைப் போலிக்காரன் என்று மட்டும் இனி எழுதாதே. எழுதினால் நான் சண்டைக்கு வருவேன், எந்த முழங்கால் வலியும் உன்னைக் காப்பாற்றாது.

லேவியராகமத்தில் அந்த வசனம் ‘பகையாயாக’ என்பதோடு நிற்கவில்லை, பிறனைக் கடிந்துகொள்ளவும் சொல்கிறது இல்லையா? அதைத்தான் செய்திருக்கிறேன். தப்பாக நினைக்காதே.

தை மாதம் அறுப்பின் பண்டிகைக்குத் தங்கச்சியோடு வா. கீழ் அறையைத்தான் ஒதுக்கி வைத்திருக்கிறோம், படி ஏற வேண்டாம். வரும்போது உன் பெரிய எபிரேய அகராதியையும் எடுத்துக்கொள். கின்ஸ்பர்க் படியெடுத்த பாடத்தைப் பிரின்ட் போட்டு வைத்திருக்கிறேன், கட்டளைகள் வரும் பகுதியை இருவரும் வரி வரியாகப் படிக்கலாம். பதிவேட்டில் மூன்றாவது பக்கத்திலும் எனக்குப் பிடிபடாத ஒரு பெயர் இருக்கிறது. உன் கண் என்ன சொல்கிறது என்று பார்க்கவேண்டும்.

உன் அன்புள்ள,
ஜான்