அந்த ஊசிக் காட்சியை எடுத்துவிடுங்கள்

இயக்குநர் அவர்களுக்கும் படக்குழுவினருக்கும் வணக்கம்.

நாங்கள் பாலியேட்டிவ் கேர் தன்னார்வலர்கள்; தீராத நோயில் கிடப்பவர்களின் வலியையும் வேதனையையும் தணிக்க வீடு தேடிப் போகிறவர்கள். எந்தக் காட்சி என்று விளக்கத் தேவையில்லை. திரையிடல் முடிந்த அன்றே எங்களில் சிலர் நேரில் சொன்னார்கள். "சினிமாவுக்காகக் கொஞ்சம் சேர்த்தது" என்றீர்கள். படம் ஓடிடிக்குப் போவதற்குள் அதை எடுத்துவிடுங்கள் என்று கேட்கத்தான் இந்த மடல்.

நள்ளிரவில் தன்னார்வலப் பெண் தன் பையிலிருந்து, கடும் வலியைத் தணிக்கும் மருந்தான மார்ஃபின் ஊசியை எடுத்துப் போடுகிறாள். வயலின் இழைகிறது. பெரியவர் புன்னகையோடு உயிரை விடுகிறார்.

தன்னார்வலர் பையில் மார்ஃபின் இருக்காது ஐயா. பஞ்சு, கையுறை, புண்ணின் வாடை போகத் தூவும் மெட்ரோனிடசோல் பொடி, வறண்ட உதட்டுக்குத் தடவ வாசலின், இவைதான் இருக்கும். மார்ஃபின் 1985ஆம் ஆண்டுப் போதைப்பொருள் சட்டத்துக்குள் வருவது. 2014 திருத்தம் நடைமுறையை எளிதாக்கிய பிறகும், அங்கீகாரம் பெற்ற மருத்துவ நிறுவனம் ஒவ்வொரு மாத்திரைக்கும் பதிவேட்டில் கணக்கு வைக்கிறது.

மாத்திரை என்றுதான் சொன்னோம். வீட்டில் பெரும்பாலும் ஊசிக்கு வேலையே இல்லை. மருத்துவர் வழக்கமாக 5 அல்லது 10 மில்லிகிராமில் தொடங்கி, நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை கொடுக்கச் சொல்வார். வலி தணிகிறதா என்று பார்த்துப் பார்த்துத்தான் அளவைக் கூட்டுவார். நடுராத்திரி எழுப்ப வேண்டாம் என்பதற்காகப் படுக்கும்முன் இரண்டு வேளை மருந்தைச் சேர்த்துக் கொடுப்பதுண்டு. கூடவே மலமிளக்கியும் கட்டாயம். அதை விட்டால் நாலாம் நாள் வயிறு கட்டிக்கொண்டு, நோயாளியே மாத்திரையைத் தள்ளிவிடுவார்.

இந்த மருந்து ஆளைக் கொன்றுவிடும் என்ற பயம் உங்கள் படத்துக்கு முன்பே வீடுகளில் இருக்கிறது. மகன் மாத்திரை அட்டையைப் பீரோவில் வைத்துப் பூட்டுகிறார். "ரொம்ப முடியலைன்னா மட்டும் தரலாம்" என்கிறார் மருமகள். வேளை தவறுகிறது, வலி ஏறிவிடுகிறது, ஏறிய வலிக்கு அந்த ஒரு மாத்திரை எட்டுவதில்லை. "பார்த்தீங்களா, இதுவும் கேட்கலை" என்று அதையும் நிறுத்துகிறார்கள். அடுத்த அறையில் அம்மா தலையணையைக் கடித்துக்கொண்டு கிடக்கிறார். அந்த வீட்டாரும் உங்கள் படத்தைப் பார்ப்பார்கள்.

திரையில் சிகரெட் தெரிந்தால் ஓரத்தில் எச்சரிக்கை வாசகம் போடுகிறீர்கள். வலியைத் தணிக்கும் மருந்தைக் கொலைக் கருவியாகக் காட்டுவதற்கு ஒரு வரியும் தேவைப்படவில்லை போலும். போகட்டும், தன்னார்வலர் என்றாலே கசங்காத வெள்ளைச் சுடிதாரும் கையில் கிட்டாரும் எங்கிருந்து வந்தன? 1993ல் கோழிக்கோட்டில் வேர்விட்ட வேலை இது. அங்கிருந்து இன்றுவரை இதைச் செய்பவர்கள் ஆளைப் புரட்டிப் படுக்கவைத்து, நனைந்த விரிப்பை உருவி, வாயைத் துடைத்துவிடுகிறவர்கள். பாதி நாள் சட்டையில் டெட்டால் வாடைதான்.

கோபத்தில் நீண்டுவிட்டது, பொறுத்துக்கொள்ளுங்கள். கேட்பது ஒன்றுதான்: அந்தக் காட்சியை எடுத்துவிடுங்கள். மறுபடி படமாக்குவதாக இருந்தால் ஒரு மாத்திரை அட்டை, ஒரு டம்ளர் தண்ணீர், ஒரு சுவர்க்கடிகாரம் போதும். எப்படிப் பிடித்து உட்காரவைப்பது என்று காட்ட எங்களில் ஒருவர் படப்பிடிப்புக்கு வருவார், சம்பளம் வேண்டாம்.

இப்படிக்கு,
பாலியேட்டிவ் கேர் தன்னார்வலர்கள்