பழைய வீடியோ கேம் சங்கம்: 2024 ஆண்டறிக்கை

உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

சமூக மன்ற அறையில் மாதக் கூட்டங்கள் வழக்கம்போல நடந்தன. ஜூன் விடுமுறை விளையாட்டு நாளும் தீபாவளி ஒன்றுகூடலும் நல்லபடியாக முடிந்தன.

இந்த ஆண்டு என் நேரத்தையெல்லாம் எடுத்துக்கொண்டது பழைய கேம்களைப் பிரதி எடுக்கும் வேலைதான். ஸ்டோர் ரூமில் கிடந்த கணினி ஃபிளாப்பி வட்டுகளைப் பெட்டியோடு கொண்டுவருகிறீர்கள், ஷட்டர் என்ற சின்ன மூடியைத் தள்ளிப் பார்த்தால் நம் சிங்கப்பூர் ஈரத்துக்கு உள்ளே இருக்கும் தட்டில் வெள்ளை வெள்ளையாகப் பூஞ்சை. அப்படியே டிரைவில் போட்டால் தட்டைப் படிக்கும் ஹெட் அழுக்காகி அடுத்த ஃபிளாப்பியும் வீணாகும், அதனால் பஞ்சுக்குச்சியை ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் நனைத்து, தட்டைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சுற்றித் துடைத்து, காயவிட்டு, அப்புறம்தான் படிக்க வைக்கிறேன். அமெரிக்காவில் வீடியோ கேம் ஹிஸ்டரி ஃபவுண்டேஷன் 2023-ல் வெளியிட்ட ஆய்வின்படி, அங்கே 2010-க்கு முன் வெளிவந்த கேம்களில் 87 விழுக்காடு அப்போது விற்பனையிலேயே இல்லை. நாம் விட்டுவிட்டால் வேறு யார் வைத்திருப்பார்கள்?

ஆனால் வைத்திருப்பது வேறு, விநியோகிப்பது வேறு. எடுத்த பிரதிகளை எல்லாருக்கும் அனுப்பச் சொல்லி சிலர் வாட்ஸ்அப்பில் விடாமல் கேட்டார்கள். "கம்பெனியையே மூடியாச்சு, யார் கேட்கப் போறா?" என்றார்கள். கம்பெனி மூடினாலும் பதிப்புரிமை போய்விடாது, யாராவது ஒருவர் கைக்கு மாறியிருக்கும். நவம்பர் 2021-ல் நடப்புக்கு வந்த நம் பதிப்புரிமைச் சட்டத்தில் பாதுகாப்புக்காகப் பிரதி எடுக்கும் சலுகை நூலகம், ஆவணக் காப்பகம் போன்ற இடங்களுக்கு உண்டு, நம்மைப் போன்ற பொழுதுபோக்குச் சங்கத்துக்கும் அது பொருந்தும் என்று யாரும் எழுதித் தரவில்லை. பிரதித் தடுப்புப் பூட்டை உடைப்பது தனிப் பிரச்சினை. மார்ச் 2024-ல், நிண்டெண்டோ ஸ்விட்ச் கேம்களைக் கணினியில் ஓடவைக்கும் யூசு எமுலேட்டரை உருவாக்கியவர்கள் நிண்டெண்டோவுக்கு 2.4 மில்லியன் அமெரிக்க டாலர் கொடுக்க ஒப்புக்கொண்டு கடையைக் கட்டினார்கள். விற்பனையில் இல்லாத கேம்களை ஆய்வாளர்கள் தொலைவிலிருந்து பார்க்க அனுமதி கேட்ட நூலகங்களுக்கே அதே ஆண்டு அக்டோபரில் அமெரிக்காவின் பதிப்புரிமை அலுவலகம் முடியாது என்று சொல்லிவிட்டது. அதனால் எடுத்த பிரதி பெட்டிக்குச் சொந்தக்காரருக்கும் சங்கத்தின் ஹார்ட் டிஸ்க்குக்கும் மட்டும்தான். இதைக் கஞ்சத்தனம் என்றவர்கள் கூட்டத்துக்கு வந்து என் முகத்துக்கு நேரே பேசியிருக்கலாம்.

இன்னொரு சங்கடம், வரும் பெட்டிகளில் பல பாசார் மாலாம் எனும் இரவுச் சந்தையில் வாங்கிய கள்ள வட்டுகள். அவற்றைப் பிரதி எடுக்க மாட்டேன் என்றதும் ஒரு மூத்த உறுப்பினர், "நாங்க ஆடுனதே இதுதானே தம்பி" என்றார். அவர் சொன்னது உண்மை, பல நாள் மனதில் அது ஓடிக்கொண்டே இருந்தது. கள்ள வட்டும் இந்த ஊரின் கதைதான். அதனால் மேலே கையால் எழுதிய பெயர், விலைச் சீட்டு, யார் எந்த ஆண்டு வாங்கினார் என்பதையெல்லாம் பதிவேட்டில் எழுதி, படம் பிடித்து, வட்டைத் திருப்பிக் கொடுக்கிறேன். உள்ளிருப்பதை மட்டும் தொடுவதில்லை. செயலவை இதை ஏற்றது, வந்திருந்தவர்கள் மட்டும் கையெழுத்திட்டார்கள்.

கணக்கு: வரவும் செலவும் ஏறக்குறைய சமம். செலவில் பெரும்பங்கு ஹார்ட் டிஸ்க், துடைக்கும் பொருள்கள், அறை வாடகை. விவரம் பொருளாளரிடம் இருக்கிறது. சந்தா பாக்கி வைத்திருப்பவர்களின் பெயரை இங்கே போடவில்லை, அவர்களுக்கே தெரியும். அவர்களில் சிலரின் ஃபிளாப்பிகளும் நான் துடைத்த பெட்டிகளில் இருந்தன.

அறை தந்த மன்றத்தாருக்கும், பொருளாளருக்கும், பலகாரம் கொண்டுவந்த குடும்பங்களுக்கும் நன்றி.

அடுத்த ஆண்டு, கையடக்க விளையாட்டுக் கருவியான கேம்பாயின் கார்ட்ரிட்ஜ்களைப் பிரதி எடுக்க வேண்டும். உள்ளே இருக்கும் சின்ன பாட்டரி தீர்ந்தால் சேமித்து வைத்த ஆட்டமெல்லாம் போச்சு, நமக்காக அவை காத்திருக்காது. இந்தச் சட்ட விஷயத்தைப் படித்துச் சொல்ல ஒரு வழக்கறிஞர் நம் குடும்பங்களில் யாருக்காவது சொந்தமாக இருப்பார். ஒருவர் தனியாக இதை இன்னொரு ஆண்டு இழுப்பது கஷ்டம், சாலிடரிங் தெரிந்த தொண்டூழியர் இரண்டு பேர் கிடைத்தால் நான் செயலாளராகத் தொடர்வேன். பொதுக்கூட்டத்துக்கு வரும்போது சந்தாவையும் கையோடு கொண்டுவாருங்கள்.

செயலாளர்