நெடும்பயணத்தில் ஒருவரே ஓட்டும் வழக்கம்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

ஆண்டிறுதிப் பள்ளி விடுமுறையில் சிங்கப்பூரிலிருந்து குடும்பத்தோடு காரில் மலேசியாவுக்குப் புறப்படவிருப்போரிடம் ஒன்றைக் கேட்டுக்கொள்கிறேன். யார் யார், எந்த ஊர் வரை ஓட்டுவது என்பதை வாடகை வண்டிக்கு முன்பதிவு செய்யும் அன்றே பேசி முடித்துவிடுங்கள்.

கடந்த ஜூன் மாதம் ஏழு பேர் கொண்ட எங்கள் குடும்பம், வாடகைக்கு எடுத்த ஏழு இருக்கைக் காரில் பினாங்குக்குச் சென்றது. அண்ணன், அண்ணி, நான் என மூவரிடம் ஓட்டுநர் உரிமம் இருந்தும், ஒப்பந்தத்தில் அண்ணன் பெயர் மட்டுமே இருந்தது. கூடுதல் ஓட்டுநருக்குத் தனிக் கட்டணம் என்றதும், "நானே ஓட்டிவிடுகிறேன், எதற்கு வீண் செலவு" என்றார், நாங்களும் தலையாட்டினோம். வெள்ளிக்கிழமை வேலை முடிந்து வந்து, சாப்பிட்ட கையோடு ஸ்டியரிங்கைப் பிடித்தவர், உட்லண்ட்ஸ் சோதனைச்சாவடியையும் ஜோகூர் பாருவையும் தாண்டவே ஏறத்தாழ மூன்று மணி நேரம் ஆயிற்று. அங்கிருந்து பினாங்குக்கு இன்னும் ஏறக்குறைய 700 கிலோமீட்டர்.

விடியற்காலை நான்கு மணியளவில், வழியிலுள்ள தாப்பா என்ற ஊரை நெருங்கும்போது, சாலையோரக் கோட்டில் டயர் ஏறித் தடதடவென்று அதிர்ந்தது. நான் கண் விழித்தபோது அண்ணி அண்ணனின் தோளைப் பிடித்து உலுக்கிக்கொண்டிருந்தார். அண்ணனின் கண்கள் திறந்துதான் இருந்தன, ஆனால் கடந்த சில நிமிடங்கள் எதுவும் அவருக்கு நினைவில் இல்லை. வடக்கு தெற்கு நெடுஞ்சாலையில் அனுமதிக்கப்பட்ட 110 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு கார் நொடிக்கு 30 மீட்டர் கடக்கிறது. நான்கு நொடி கண்ணயர்ந்தால், பின்னிருக்கையில் பிள்ளைகள் உறங்கும் அந்த வண்டி 120 மீட்டருக்கு ஆளில்லாமல் ஓடுகிறது என்றே பொருள். தூக்கம் முற்றும் தெளிந்திருந்த அண்ணியால்கூட அப்போது வண்டியை வாங்கி ஓட்ட முடியவில்லை. பெயர் இல்லாதவர் ஓட்டி விபத்து நேர்ந்தால் காப்புறுதி கைவிட்டுவிடும். தாப்பா ஓய்விடத்தில் வண்டியை நிறுத்தி, அண்ணன் இரண்டு மணி நேரம் உறங்கி எழுந்த பிறகே புறப்பட்டோம்.

சொந்தக் கார் வைத்திருப்போரும் தங்கள் காப்புறுதிப் பத்திரத்தை எடுத்துப் பார்ப்பது நல்லது. பெயர் குறிப்பிடாத ஓட்டுநர், புதிதாக உரிமம் பெற்றவர் ஆகியோர் ஓட்டும்போது விபத்து நேர்ந்தால் நம் கையிலிருந்து கட்ட வேண்டிய தொகை பல திட்டங்களில் கூடிவிடுகிறது. காப்பி குடித்தால் தூக்கம் போய்விடும் என்று நம்புவோரும் உண்டு. காப்பி வேலை செய்யவே ஏறக்குறைய அரை மணி நேரம் ஆகும், அதுவும் உறக்கத்துக்கு ஈடாகாது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். தீவு விரைவுச்சாலையில் நாள்தோறும் வேலைக்கு ஓட்டிச் செல்லும் பெண்கள், குடும்பப் பயணம் என்றதும் பின்னிருக்கைக்குப் போய்விடுகிறார்கள். அவர்களை யாரும் கேட்பதே இல்லை. எங்கள் வீட்டிலும் அப்படித்தான் இருந்தது. அந்த இரவில் அதற்காக நான் வெட்கப்பட்டேன்.

வரும் டிசம்பரில் கேமரன் மலைக்குச் செல்கிறோம். இம்முறை ஒப்பந்தத்தில் மூன்று பெயர்களும் உள்ளன. சோதனைச்சாவடி வரிசையில் நிற்கும் நேரத்தையும் ஓட்டும் நேரமாகவே கணக்கிட்டு, இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை ஆளை மாற்றுவதாகவும், முன்னிருக்கையில் அமர்பவர் உறங்கக் கூடாது என்றும் முடிவு செய்திருக்கிறோம். அதிகாலையில் புறப்படுவதால், தாப்பாவிலிருந்து மேலேறும் வளைவுப் பாதையைப் பகல் வெளிச்சத்தில் அண்ணி ஓட்டுவார்.

இப்படிக்கு,
வாசகர், ஈசூன்