தாய் ஆமைகளைப் பற்றி சேகருக்கு

சென்னை
11 மே 2025

அன்புள்ள சேகர்,

உன் கடிதம் கிடைத்தது. கீதாவின் மூட்டுவலி குறைந்திருக்கிறது என்று படித்ததும் நிம்மதியாக இருந்தது. இங்கே எல்லாரும் சுகம். பெரியவளுக்கு மதுரைக்கு மாற்றல் வந்துவிட்டது. பேரனை எந்தப் பள்ளியில் சேர்ப்பது என்பதுதான் வீட்டில் இப்போது ஓயாத பேச்சு.

சரி, அது கிடக்கட்டும். ஒடிசாவின் ருசிகுல்யா முகத்துவாரத்தைப் பற்றி நீ எழுதியிருந்ததைத் திரும்பத் திரும்பப் படித்தேன். ஒரே பருவத்தில் முட்டையிட வந்தவை ஏறத்தாழ 7 லட்சம் பங்குனி ஆமைகள் (ஆலிவ் ரிட்லி)! கால் வைக்க இடமில்லாமல், ஒன்று மூடிவிட்டுப் போன குழியை இன்னொன்று வந்து கிளறி, முட்டையெல்லாம் மேலே சிதறிக் கிடந்தன என்று எழுதியிருந்தாயே, அந்த இடத்தில் உன்மேல் பொறாமையே வந்தது. பிரம்மபூருக்கு மாற்றல் என்று நீ புலம்பியது நினைவிருக்கிறதா? நீ அங்கே போனது நல்லதுக்குத்தான்.

நீ அதைப் பார்ப்பதற்கு ஒரு மாதம் முன்னால், ஜனவரியில், இங்கே நாங்கள் பார்த்தது வேறு. பொங்கலை ஒட்டிய நாட்களில் நீலாங்கரையிலிருந்து பெசன்ட் நகர் வரை எந்த இடத்தில் நடந்தாலும் செத்த ஆமை. கோவளம் பக்கமும் அப்படித்தான், வடக்கே திருவள்ளூர் கரையிலும் அப்படித்தான். அந்தப் பருவத்தில் சென்னையைச் சுற்றிய கரைகளில் ஒதுங்கியவை ஆயிரத்தைத் தாண்டின. தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு தானாகவே வழக்கை எடுத்துக்கொண்டது. செய்தித்தாளில் நீயும் படித்திருப்பாய்.

அதில் ஒன்றைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். ஓட்டில் கீறல்கூட இல்லை. கழுத்து உப்பிப் போயிருந்தது, கண்கள் வெளியே பிதுங்கியிருந்தன. மூச்சுமுட்டிச் செத்ததற்கு அதுதான் அடையாளம் என்று கால்நடை மருத்துவர் சொன்னார். அறுத்துப் பார்த்தபோது வயிற்றுக்குள் முட்டைகள் இருந்தன. ஓடு கட்டிய வெள்ளை முட்டைகள், இரண்டொரு நாளில் மணலுக்கு வந்திருக்க வேண்டியவை. கூட வந்திருந்த கல்லூரிப் பெண் ஒருத்தி அந்த இடத்தைவிட்டு நகரவே மறுத்துவிட்டாள்.

கடலிலேயே வாழும் பிராணி எப்படி மூழ்கிச் சாகும் என்று என் மருமகன் கேட்டான். ஆமைக்குச் செவுள் கிடையாதே, நம்மைப் போல நுரையீரல்தான். சும்மா ஓய்வெடுக்கும்போது வெகுநேரம் தண்ணீருக்கடியில் தாக்குப்பிடிக்கும். வலையில் சிக்கிப் போராடும்போது உள்ளே இருக்கும் காற்று சீக்கிரம் தீர்ந்துவிடும். விசைப்படகுக்காரர்கள் இழுவை வலையை மணிக்கணக்கில் இழுத்துக்கொண்டு போகிறார்கள். உள்ளே போன ஆமைக்கு மேலே வர வழி கிடையாது.

முட்டையிட வரும் ஆமைகள் கரையை ஒட்டித்தான் காத்துக்கொண்டிருக்கும். கரையிலிருந்து 5 கடல் மைலுக்குள் விசைப்படகு இழுவை வலை போடக் கூடாது என்று நம் மாநிலத்தில் விதி இருக்கிறது. ஏறக்குறைய 9 கிலோமீட்டர். ராத்திரி கரையில் நின்று பார்த்தால் அதற்குள்ளேயே விளக்குகள் வரிசையாகத் தெரியும். இறாலும் அந்த ஆழமில்லாத கடலில்தான் இருக்கிறது, அதனால் அவர்களும் அங்கேதான் வருகிறார்கள்.

ஊரூர்க் குப்பத்தில் ஒரு பெரியவர் இருக்கிறார், பைபர் படகில் போகிறவர். அவரோடு அடிக்கடி பேசுவேன். "எங்க வலையில மாட்டுனா வலையை அறுத்தாவது விட்டுடுவோம் சார். அந்த வலைக்கு எவன் காசு குடுப்பான்?" என்றார். அப்புறம், ஆமையைக் கொல்லும் அதே விசைப்படகுதான் தன் செவுள் வலைகளையும் கிழித்துக்கொண்டு போகிறது என்று வெகுநேரம் குமுறினார். சிறு மீனவனும் ஆமையும் இதில் ஒரே பக்கத்தில்தான் நிற்கிறார்கள், சேகர். ஏ.சி. அறையில் உட்கார்ந்து "மீனவர்கள் ஆமையைக் கொல்கிறார்கள்" என்று மொத்தமாகச் சொல்கிறவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபம்தான் வருகிறது.

மகாராஷ்டிரத்தில் பாதுகாக்கப்பட்ட உயிரினத்தை விடுவிப்பதற்காக வலையை அறுத்தால், அரசு நஷ்டஈடு கொடுக்கிறது. இங்கேயும் பாக் விரிகுடாப் பக்கம் கடற்பசுவை விடுவிக்கும் மீனவர்களுக்குப் பரிசு உண்டு. அதை ஆமைக்கும் முறையாக விரிக்க எவ்வளவு செலவாகிவிடும்?

இழுவை வலைக்கும் மாற்று இல்லாமல் இல்லை. வலையின் கழுத்துப் பகுதியில் ஒரு கம்பிச் சட்டத்தைச் சாய்வாகப் பொருத்துவார்கள். இறாலும் மீனும் கம்பிகளுக்கு நடுவே புகுந்து பைக்குள் போய்விடும். ஆமை கம்பியில் இடித்து, பக்கத்தில் விட்டிருக்கும் திறப்பு வழியாக வெளியே போய்விடும். அவ்வளவுதான் கருவி. கொச்சியில் உள்ள மத்திய மீன்வளத் தொழில்நுட்ப நிறுவனம் நம் படகுகளுக்கேற்ப இதை வடிவமைத்துக் கொடுத்து எத்தனையோ வருடமாகிறது. இறாலில் நூற்றுக்கு ஒன்றுகூடக் குறையாது, மீனில் இரண்டு மூன்று குறையலாம் என்பது அவர்கள் கணக்கு. படகுக்காரர்கள் இதை நம்புவதில்லை, மாட்டுவதும் இல்லை. ஆனால் இதே காரணத்துக்காக நம் கடலில் பிடித்த இறாலை 2019 முதல் அமெரிக்கா வாங்குவதில்லை என்பதையும் அவர்கள் யோசிக்க வேண்டும். நஷ்டம் ஏற்கனவே வந்துவிட்டது.

இன்னொன்று எனக்கு ஆறவே மாட்டேன் என்கிறது. இப்போது காசிமேடு மீன்பிடித் துறைமுகத்தில் போய்ப் பார், விசைப்படகுகள் எல்லாம் கட்டிக் கிடக்கின்றன. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை தடைக்காலம். மீன் இனப்பெருக்கத்துக்காக வைத்தது, நல்ல திட்டம், நான் குறை சொல்லவில்லை. ஆனால் ஆமைகள் வருவது தை, மாசி, பங்குனியில். தடை தொடங்கும்போது பெரும்பாலும் அவை முட்டையிட்டுவிட்டுப் போய்விட்டிருக்கும், இல்லையென்றால் செத்திருக்கும். பங்குனி ஆமை என்று பெயர் வைத்த ஊர்க்காரர்களுக்கு அதன் பருவம் தெரியாமலா இருந்தது?

நீ என் வேலையைப் பற்றிக் கேட்டிருந்தாய். மாணவர் கடல் ஆமை பாதுகாப்பு அமைப்போடு இந்த வருடமும் ஆமை முட்டைகளைத் தேடிக் கரையில் நடந்தேன். நம் கல்லூரி நாட்களில், 1988இல், தொடங்கினார்களே, அதே அமைப்பு. எழுபதுகளிலேயே பாம்புப் பண்ணை ரோமுலஸ் விட்டேகரும் கடல் ஆமை ஆய்வாளர் சதீஷ் பாஸ்கரும் இதே மணலில் நடந்திருக்கிறார்கள். நடுராத்திரியில் கிளம்பினால், முட்டைகளைப் புதைத்துவைத்துப் பொரியும்வரை காவல் காக்கும் பொரிப்பகத்துக்கு வந்து சேர விடிகாலை ஆகிவிடும். ஆமையின் தடம் தெரிந்ததும் டார்ச்சை அணைத்துவிட்டு, குச்சியால் மணலைக் குத்திக்கொண்டே போவோம். கெட்டியான மணலில் குச்சி தடுக்கும். முட்டைக் குழிக்கு மேலே வந்ததும் சட்டென்று உள்ளே இறங்கும். அப்புறம் எல்லாம் கைதான். முழங்கை வரை உள்ளே விட்டால், பிங்பாங் பந்து போன்ற முட்டைகள் ஈரமாகத் தட்டுப்படும். நூற்றுக்கு மேல் இருக்கும். உருட்டாமல் கவனமாக எடுத்து, சில மணிநேரத்துக்குள் பொரிப்பகத்தில் அதே ஆழத்தில் புதைத்துவிட வேண்டும். இல்லையென்றால் உள்ளே கரு சிதைந்துவிடும்.

அங்கேயே விட்டால் என்ன என்று கேட்பாய். விட்டால் நாய் தோண்டித் தின்றுவிடும். நாயிடம் தப்பிப் பொரிந்தாலும் குஞ்சுகள் வெளிச்சத்தைத் தேடித்தான் போகும். ஒரு காலத்தில் இருட்டில் கடல்தான் பளபளப்பாகத் தெரிந்தது. இப்போது தெருவிளக்கும் அடுக்குமாடி விளக்கும் அதைவிடப் பிரகாசம், குஞ்சுகள் நேராக ரோட்டுக்குப் போகின்றன. வெயிலும் கூடிக்கொண்டே போகிறது. மணலின் சூடு 29 டிகிரியைத் தாண்டினால் பெண் குஞ்சுகளே அதிகம் பிறக்கும் என்பதால் பொரிப்பகங்களில் நிழல்வலை கட்டுகிறார்கள்.

குஞ்சுகளைக் கடலில் விடும் நேரத்தில் கூட்டம் கூடுகிறது. சிலர் செல்போன் வெளிச்சத்தை அவற்றின்மேலேயே அடிக்கிறார்கள். சொன்னால் கேட்டுக்கொள்கிறார்கள், அதனால் நான் சலித்துக்கொள்வதில்லை. மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்க்கும் குழந்தைகளுக்காகவே இது நடக்க வேண்டும். 2024இல் மட்டும் தமிழ்நாட்டுக் கரைகளில் 2 லட்சத்துக்கு மேற்பட்ட குஞ்சுகளை விட்டிருக்கிறார்கள்.

ஆனால் ஆயிரத்தில் ஒன்றுதான் பிழைத்து வளரும் என்பார்கள். அது முட்டையிட வரப் பத்துப் பதினைந்து வருடம் ஆகும். அத்தனையையும் தாண்டி வந்த ஒரு தாயை வலையில் சாகவிட்டுவிட்டு, எத்தனை குஞ்சை விட்டாலும் ஈடாகாது. பொரிப்பகத்துக்குப் போடும் உழைப்பில் பாதியாவது படகுத்துறைக்குப் போக வேண்டும் என்று கூட்டத்தில் எழுந்து சொன்னேன். இளைஞர்களில் பலர் ஒத்துக்கொண்டார்கள். தடைக்காலம் முடிவதற்குள் காசிமேட்டுப் படகுக்காரர்களைச் சந்தித்துப் பேசலாம் என்று முடிவாகியிருக்கிறது.

உன் ஊர் ஆமை ஒன்றைப் பற்றிப் படித்தாயா? 2021இல் ஒடிசாவின் கஹிர்மாதா கரையில் அடையாளப் பட்டை மாட்டி விடப்பட்ட ஆமை, இந்த ஜனவரியில் மகாராஷ்டிரத்தில் குஹாகர் கரையில் வந்து முட்டையிட்டிருக்கிறது. இலங்கையைச் சுற்றியோ பாம்பன் வழியாகவோ, எப்படிப் போயிருந்தாலும் நம் கடல் பக்கமாகத்தான் போயிருக்கும். நீங்கள் அங்கே காப்பாற்றுவதை நாங்கள் இங்கே கொல்லலாம் என்பதுதான் நிலைமை.

உன்னிடம் ஒரு உதவி. ஒடிசாவில் தாம்ரா, தேவி, ருசிகுல்யா முகத்துவாரங்களில் நவம்பர் முதல் மே வரை மீன்பிடிக்கத் தடை, பாதிக்கப்படும் குடும்பங்களுக்குப் பணம் கொடுக்கிறார்கள் என்று தெரியும். அது கைக்கு ஒழுங்காக வந்து சேர்கிறதா, யாருக்குக் கிடைக்கிறது, யாரை விட்டுவிடுகிறார்கள், மீனவர்கள் அதைப் பற்றி என்ன சொல்கிறார்கள் என்று நீயே நேரில் போய்க் கேட்டு எழுது. அதிகாரிகளிடம் கேட்காதே, குப்பத்துப் பெண்களிடம் கேள். காசிமேட்டுக்குப் போகும்போது வெறுங்கையோடு போக எனக்கு விருப்பமில்லை. ஜூன் முதல் வாரத்துக்குள் கிடைத்தால் நல்லது.

கீதாவுக்கு என் அன்பைச் சொல்.

உன்,
ரகு