பைசனா, லெமனா?

அன்புள்ள முரளிக்கு,

உன் கடிதம் வந்தது. மகளுக்குக் கல்லூரியில் இடம் கிடைத்த செய்தி வீட்டில் எல்லோருக்கும் மகிழ்ச்சி.

ஃப்ளெக்ஸ் கருவியில் லெக்ஸர் (உள்ளீட்டைச் சொற்களாக, அதாவது டோக்கன்களாக, பிரிக்கும் பகுதி) முடிந்துவிட்டது, இனி அந்த டோக்கன்களை இலக்கண விதிகளோடு பொருத்தும் பார்ஸரை உண்டாக்க எந்தப் பார்ஸர் ஜெனரேட்டர், பைசனா, லெமனா என்று கேட்டிருக்கிறாய். வேகத்தை அப்புறம் பார்க்கலாம். முதலில் யார் யாரைக் கூப்பிடுகிறார்கள் என்று பார். பைசனில் இயல்பாகப் பிடி பார்ஸர் கையில்: அடுத்த டோக்கன் தேவைப்படும்போதெல்லாம் அதுவே லெக்ஸரைக் கூப்பிடும், 0 வந்தால் உள்ளீடு முடிந்ததாக எடுத்துக்கொள்ளும். லெமனில் நேர்மாறு. நீ எழுதும் லூப் டோக்கன்களை ஒவ்வொன்றாகப் பார்ஸருக்கு ஊட்ட வேண்டும், கடைசியில் 0 என்ற டோக்கனையும் சேர்த்து. அதை விட்டுவிட்டால் கடைசி விதி முடியாமல் தொங்கும், பிழைச் செய்தியும் வராது.

உன்னுடையது முழு ஃபைலைப் படிக்கும் வேலை. ஆகவே பைசனையே எடு. சாக்கெட்டில் துண்டுதுண்டாக வரும் உள்ளீடாக இருந்தால், பார்ஸரை மட்டும் மாற்றிப் பயனில்லை. ஃப்ளெக்ஸே உள்ளீட்டை இழுக்க முயன்று காத்து நிற்கும். அங்கே ஆர்ஈ2சி போன்ற லெக்ஸர் ஜெனரேட்டரும் லெமனும் சேர்ந்தால் சரிவரும். எஸ்க்யூலைட் தரவுத்தளம் லெமனோடு கையால் எழுதிய டோக்கனைஸரை (லெக்ஸரை) வைத்திருக்கிறது. பிஎச்பி மொழி ஆர்ஈ2சியோடு பைசனை வைத்திருக்கிறது. ஜோடி இதுதான் என்று விதி எதுவும் இல்லை.

பலரும் தடுக்கி விழுவது ஒய்ஒய்டெக்ஸ்ட்டில், அதாவது ஃப்ளெக்ஸ் இப்போது படித்த டோக்கனின் எழுத்துகள் இருக்கும் இடத்தில். ஃப்ளெக்ஸ் அந்த இடத்தை அடுத்த டோக்கனுக்கு மறுபடி பயன்படுத்தும். பைசன் பல சமயம் ஒரு டோக்கன் முன்னே பார்த்துவிட்டுத்தான், விதி பொருந்தியதும் ஓட நீ எழுதிய ஆக்‌ஷனை ஓட்டும். 'விலை = 5;' என்பதில் 'விலை'யைச் சேமிக்கப் போனால் ';' கையில் வந்து நிற்கும். லெக்ஸரிலேயே நகலெடுத்து, டோக்கனின் மதிப்பைப் பார்ஸருக்குக் கொண்டுபோகும் ஒய்ஒய்எல்வேலில் போடு. பிழை நேரும்போது அந்த நகல்களை விடுவிக்க டெஸ்ட்ரக்டரும் எழுது, இல்லையேல் மெமரி கசியும்.

டோக்கனுக்கு 'பிகின்' என்று ஆங்கிலத்தில் பெரிய எழுத்தில் பெயர் வைக்காதே. ஃப்ளெக்ஸில் அதே பெயரில் மேக்ரோ (கம்பைல் ஆகும் முன்பே வேறு வரியாக மாற்றப்படும் பெயர்) உண்டு. சி கம்பைலர் புரியாத இடத்தில் கத்தும். எல்லா டோக்கனுக்கும் ஒரு முன்னொட்டு கொடுத்துவிடு. எதை எந்த வரிசையில் பில்ட் செய்வது என்று சொல்லும் மேக்ஃபைலில், பைசன் உண்டாக்கும் ஹெடர் ஃபைலை லெக்ஸர் சார்ந்திருக்கும் ஃபைலாக எழுது. அது விடுபட்டால் இணையாக பில்ட் செய்யும்போது சில நாள் ஓடும், சில நாள் ஓடாது.

பட்டியல் விதிகளை இடது மீள்வரவாக (விதி தன்னையே முதலில் குறிப்பிடுவதாக) எழுது. வலது மீள்வரவில் (தன்னைக் கடைசியில் குறிப்பிட்டால்) பார்ஸரின் ஸ்டாக் வளர்ந்துகொண்டே போகும். இயல்பு வரம்பு 10,000, அதைத் தாண்டினால் மெமரி தீர்ந்தது என்று நின்றுவிடும்.

இஃப்–எல்ஸில் ஒரு ஷிஃப்ட்/ரெட்யூஸ் மோதல் வரும்: அடுத்த டோக்கனை வாங்குவதா, கையில் இருப்பதை விதியாகச் சுருக்குவதா என்ற குழப்பம். அதைத் தெரிந்தே ஏற்பதாக இருந்தால் 'எக்ஸ்பெக்ட் 1' என்று அறிவி. பிறகு இரண்டாவது மோதல் முளைத்தால் பைசனே நிறுத்திவிடும். மற்ற மோதல்களுக்கு 2020இல் வந்த 3.7 பதிப்பின் எதிர்காட்டு வசதி பெரிய வரம்: எந்த உள்ளீட்டில் இரண்டு வழி பிரிகிறது என்று காட்டிவிடும். ஆப்பிள் மேக்கோடு வரும் பைசன் 2.3, அதில் இது கிடையாது. புதியதைத் தனியாக நிறுவிக்கொள்.

இலக்கண ஃபைல் எழுதியதும் அனுப்பு, மோதல்களைச் சேர்ந்து பார்ப்போம்.

அன்புடன்,
சேகர்