லியோனார்டோவோட உடற்கூறு படங்களுக்கு ரெண்டே வரியா?

ஆசிரியருக்கு வணக்கம்.

போன இதழ்ல லியோனார்டோ டா வின்சி கட்டுரை படிச்சேன், மோனாலிசா பத்தி அவ்ளோ எழுதினவர் உடற்கூறு படங்களுக்கு மட்டும் ரெண்டே வரி, அதுவும் "ஓவியத்துக்காகப் பழகிப் பாத்தது"ன்னு முடிச்சிட்டார். அத என்னால ஏத்துக்கவே முடியல. ஆரம்பத்துல வேணா அப்படி இருந்திருக்கும், ஆனா 1489லயே மண்டையோட்ட ரெண்டா அறுத்து உள்பக்கத்த அளந்து வரைஞ்ச மனுஷன் அவர்.

ப்ளாரன்ஸ்ல சாண்டா மரியா நுவோவா ஆஸ்பத்திரி, 1507-08 வாக்குல. நூறு வயசு தாண்டிடுச்சு, அசதியத் தவிர உடம்புக்கு ஒண்ணுமில்லன்னு ஒரு பெரியவர் லியோனார்டோகிட்ட பேசிட்டு இருக்கார், கொஞ்ச நேரத்துல கட்டில்ல உக்காந்தபடியே உயிர் போயிடுது. இவ்ளோ அமைதியான சாவுக்கு என்ன காரணம்னு பாக்கத்தான் லியோனார்டோ அந்த உடம்ப அறுக்குறார். இதயத்துக்கு ரத்தம் போற குழாய் வத்திச் சுருங்கிக் கெடந்துச்சுன்னு எழுதி வெச்சிருக்கார், ஒரு ரெண்டு வயசுக் குழந்தையோட உடம்பையும் பாத்துட்டு அதுல எல்லாம் நேர்மாறா இருந்துச்சுங்கிறார். ரத்தக்குழாய் அடைப்பப் பத்தின ரொம்பப் பழைய குறிப்புகள்ல ஒண்ணு சார் இது! இதுல ஓவியப் பயிற்சி எங்க வந்துச்சு?

அப்புறம் மாட்டு இதயத்த வெச்சு வால்வு ஆராய்ச்சி. மெழுகு ஊத்தி அச்செடுத்து, அதே வடிவத்துல கண்ணாடி செஞ்சு, புல் விதை கலந்த தண்ணிய உள்ள விட்டா ஓட்டம் கண்ணுக்குத் தெரியும்னு குறிப்பு. ரத்தம் வெளிய பாயும்போது பக்கத்துல சின்னச் சின்னதா சுழி உண்டாகி அதுதான் வால்வ மூட வைக்குதுன்னு புரிஞ்சிக்கிட்டார், இருபதாம் நூற்றாண்டு ஆராய்ச்சியாளர்கள் சோதிச்சுப் பாத்து அவர் சொன்னது சரின்னாங்க. ரத்தம் உடம்பச் சுத்தி வருதுங்கிறது மட்டும் அவருக்குப் பிடிபடல, அதுக்கு 1628ல வில்லியம் ஹார்விங்கிற ஆங்கில டாக்டர் வரவேண்டியிருந்துச்சு. கருப்பைப் படத்துலயும் மாட்டோட நஞ்சுக்கொடி அமைப்பக் கலந்துட்டார். அதையும் எழுதுங்க, தப்பில்ல.

எனக்கு ஆறவே மாட்டேங்குது, அவர் உயிரோட இருந்தவரைக்கும் இதெல்லாம் புத்தகமாவே வரல. கூட வேலை பாத்த, பாவியாங்கிற இத்தாலி ஊர்ப் பல்கலைக்கழகத்து உடற்கூறு பேராசிரியர் மார்கன்டோனியோ டெல்லா டோர்ரே 1511ல பிளேக்ல போயிட்டார், 1519ல இவரும் போயிட்டார், தாளெல்லாம் கைமாறிக் கடைசியா இங்கிலாந்து அரச குடும்பத்துக்கிட்ட போய்ச் சேந்து நானூறு வருஷம் கிட்ட பெரும்பாலும் அச்சேறாமலே கெடந்துச்சு. வெசாலியஸ்ங்கிற உடற்கூறு அறிஞர் 1543ல புத்தகம் போட்டுப் பேர் வாங்கிட்டார்.

அடுத்த இதழ்ல அந்த மாட்டு இதயப் படத்த முழுப்பக்கத்துக்குப் போடுங்க, பக்கத்துலயே அவர் வலமிருந்து இடமா எழுதின குறிப்பையும் தமிழ்ல குடுங்க.

இப்படிக்கு,
உங்க வாசகர், திருச்சி